தங்க மேஜிகார்ப் கிடைக்கவே இல்லை: எங்கள் முறையில் தவறு இருக்கிறதா?

கேள்வி: ஸ்ரீரங்கத்து அப்பா

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நானும் பத்து வயதாகும் என் மகளும் நான்கு மாதங்களாக மாலை நடையின்போது போக்கிமான் கோ ஆடி வருகிறோம். நடந்துகொண்டே, கைப்பேசி வரைபடத்தில் தோன்றும் போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பந்து எறிந்து பிடிக்கும் விளையாட்டு இது. அம்மா மண்டபம் சாலையில் தொடங்கிக் காவிரிப் பாலத்தின் இந்தப் பக்கம் வரை சென்று திரும்புவது எங்கள் வழக்கம். ஆற்றோரம் என்பதால் மேஜிகார்ப் மீனுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நடையில் மூன்று நான்காவது கண்ணில் பட்டுவிடும். மகளுக்கு வேண்டியது, மேஜிகார்ப் வளர்ந்து மாறும் வடிவமான கியாரடோஸ், அதுவும் சிவப்பு நிறத்தில். அதற்கு முதலில் தங்க நிற மேஜிகார்ப், அதாவது ஷைனி எனப்படும் அதன் அரிய நிறம் மாறிய வடிவம் வேண்டும் என்பதும், பிறகு அதை வளர்த்தெடுக்க, பிடிக்கும்போது சேரும் கேண்டி என்ற மிட்டாய் 400 வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கேண்டி 900-க்கு மேல் சேர்ந்துவிட்டது. தங்க மீன்தான் வரவில்லை.

அவள் ஒரு பழைய கட்டுரை நோட்டின் பின்பக்கத்தில் கணக்கு வைத்திருக்கிறாள். அவளுடைய கைப்பேசியில் ஒவ்வொரு மேஜிகார்ப்பைத் திறந்து பார்க்கும்போதும் ஒரு கோடு போடுவாள். ஐந்தாவது கோட்டை முதல் நான்கின் குறுக்கே போட்டு ஒரு கட்டாக்கி விடுவாள். நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். 412 கோடுகள் இருந்தன.

தெருவில் இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மழை பெய்யும்போது தேடினால் கிடைக்கும் என்கிறார் ஒருவர். திறந்து பார்த்துவிட்டுப் பிடிக்காமல் ஓடினால் வாய்ப்புக் குறைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். மகளோ, ஒரே மீனைத் திரும்பத் திரும்பத் தொட்டால் ஒருமுறையாவது நிறம் மாறி வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். கல்லூரி மாணவர் ஒருவர், சிவப்புக் கியாரடோஸ் உள்ள கணக்கையே பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றும், இல்லாவிட்டால் இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். இவற்றில் எது உண்மை, எதைச் செய்யலாம் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கணக்கு வாத்தியார்

ஐயா, உங்கள் மகளின் நோட்டைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்தது. ஷைனி தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கணக்கு வைப்பதே இல்லை. இருநூறு பார்த்தவர் ஆயிரம் பார்த்ததாக நினைப்பார். ஆயிரம் பார்த்தவருக்கு அது நினைவிலேயே இருக்காது. கையில் 412 என்ற எண் இருப்பதால்தான் உங்கள் கேள்விக்கு உருப்படியான விடை சொல்ல முடிகிறது.

சாதாரண நாட்களில் காட்டில், அதாவது நடக்கும்போது வரைபடத்தில், தோன்றும் ஒரு போக்கிமான் ஷைனியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை விளையாட்டை நடத்துகிறவர்கள் வெளியிட்டதில்லை. ஆனால் சில்ஃப் ரோடு என்ற ஆர்வலர் குழு, 2023-இல் தன் பணியை நிறுத்தும் வரை, உலகம் முழுவதும் உள்ள ஆட்டக்காரர்கள் அனுப்பிய பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து வந்தது. அவர்களுடைய கணிப்பின்படி அது ஏறக்குறைய 500-க்கு 1. மேஜிகார்ப்பும் இந்தப் பொது வகையில்தான் அடங்கும்.

500-க்கு 1 என்றால் 500 பார்த்தால் ஒன்று கட்டாயம் வரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு மீனும் தனிச் சீட்டு. முன்பு எடுத்த சீட்டுகளை அடுத்த சீட்டு நினைவில் வைத்திருப்பதில்லை. 412 மீன்களைப் பார்த்தும் ஒரு தங்க மீன்கூட வராமல் போவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 44 வருகிறது. அதாவது உங்கள் மகளைப் போலவே 412 மீன்களைப் பார்த்த நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால், அவர்களில் நாற்பத்துநான்கு பேர் அளவில் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 500 பார்த்தாலும் 37 பேர் அப்படியே நிற்பார்கள். 1,000 பார்த்த பிறகுகூட 13 அல்லது 14 பேர் மிஞ்சுவார்கள். ஆகவே உங்கள் முறையில் தவறு ஏதும் இல்லை. இதைக் குழந்தையிடம் தயவுசெய்து சொல்லுங்கள், ஏனென்றால் தான் எதையோ சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் இந்த வயதில் ஆழமாகப் பதிந்துவிடும்.

மற்ற செய்திகளுக்கு வருகிறேன். மழை பெய்வதாக விளையாட்டு காட்டும்போது நீர் வகை, மின் வகை, பூச்சி வகைப் போக்கிமான்கள் கூடுதலாகத் தோன்றும் என்பது உண்மை. அதனால் மேஜிகார்ப்பின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொன்றும் ஷைனியாக இருக்கும் வாய்ப்பு கூடாது. சீட்டுகள் அதிகம் கிடைக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அதுவும் சிறிய உதவி அன்று.

பிடிக்காமல் ஓடிவருவதால் எந்தத் தீங்கும் இல்லை. உங்களிடம் கேண்டி 900 இருக்கிறது, தேவை 400. எனவே இனிமேல் சாதாரண மேஜிகார்ப்பைப் பிடித்து நேரத்தையும் பந்துகளையும் செலவிட வேண்டாம். தொடுங்கள், நிறத்தைப் பாருங்கள், திரும்பி வந்து அடுத்ததைத் தொடுங்கள். ஒரு மீனைப் பிடிக்கும் நேரத்தில் மூன்று மீன்களின் நிறத்தைப் பார்த்துவிடலாம். வரைபடத்தில் ஷைனியும் சாதாரண நிறத்தில்தான் தெரியும் என்பதால், எதையும் தொட்டுத் திறக்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரே மீனைத் திரும்பத் திரும்பத் தொடுவதில் மட்டும் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட மீன் ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரருக்கு எந்த நிறத்தில் வரும் என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அது வரைபடத்திலிருந்து மறையும் வரை எத்தனை முறை திறந்தாலும் அதே நிறம்தான். இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. தங்க மீன் வந்த நேரத்தில் செயலி நின்றுபோனாலோ, கை தவறி வெளியே வந்துவிட்டாலோ பதற்றப்பட வேண்டாம். அந்த மீன் அங்கேயே இருந்தால் மீண்டும் தொடும்போது தங்கமாகவே வரும்.

மறுமொழி 2: சிங்கை நடையாளர்

கணக்கு வாத்தியார் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரருக்கு" என்று அவர் எழுதியதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். நானும் என் தம்பியும் பீஷான் பூங்காவில் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே இடத்தில் நின்ற ஒரே மேஜிகார்ப்பைத் தொட்டோம். அவன் திரையில் நட்சத்திரங்கள் சிதறி, தங்க மீன் துள்ளிக்கொண்டிருந்தது. என் திரையில் வழக்கமான செம்மீன். அவன் கையைப் பிடித்து இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மீனின் வாய் அசைவு வரை எல்லாம் ஒன்று, செதிலின் நிறம் மட்டும் வேறு. ஆகவே "அந்தப் படித்துறையில் ஷைனி வந்தது" என்று யாராவது சொன்னால் அங்கே ஓட வேண்டாம். அது அவருக்கு வந்தது, இடத்துக்கு வந்ததன்று.

உண்மையாகவே வாய்ப்பைக் கூட்டுவது நாள்தான். 2018 ஜனவரியில் பிக்காச்சுவைக் கொண்டு தொடங்கிய கம்யூனிட்டி டே பற்றி அறிந்திருப்பீர்கள். மாதந்தோறும் ஒரு சனி அல்லது ஞாயிறு, பெரும்பாலும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, ஒரே போக்கிமான் எங்கு பார்த்தாலும் தோன்றும். அந்த மூன்று மணி நேரத்தில் அதன் ஷைனி வாய்ப்பு ஏறக்குறைய 25-க்கு 1 ஆக உயர்கிறது. 500 எங்கே, 25 எங்கே! அன்று 100 பார்த்தும் ஒன்றுகூட வராமல் போவது நூற்றில் இருவருக்கும் குறைவாகவே நேரும். நான் கடைசியாக முழுமையாகக் கலந்துகொண்ட நாளில் 180 பார்த்து 7 ஷைனி பிடித்தேன்.

மேஜிகார்ப்புக்கான கம்யூனிட்டி டே 2020 ஆகஸ்ட் 8 அன்று நடந்து முடிந்தது. பழைய நாட்களை மீண்டும் நடத்தும் வழக்கமும் உண்டு என்றாலும், அதை மட்டும் நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக, அடுத்த மாதம் எந்தப் போக்கிமான் வந்தாலும் மகளை ஒரு கம்யூனிட்டி டேக்கு அழைத்துச் செல்லுங்கள். நான்கு மாதங்களாக வெறும் கோடுகளையே போட்டு வந்த பிள்ளை, ஒரே பிற்பகலில் நான்கைந்து முறை அந்த நட்சத்திரங்களைப் பார்ப்பாள். அதன்பின் தங்க மீனுக்காகக் காத்திருக்கும் பொறுமை தானாக வரும். என் தங்கை மகனிடம் இதை நேரில் கண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை 6 மணி முதல் 7 மணி வரை வரும் ஸ்பாட்லைட் ஹவரையும் பாருங்கள். அதில் ஷைனி வாய்ப்பு பொதுவாகக் கூடுவதில்லை. ஆயினும் ஒரே போக்கிமான் கூட்டம் கூட்டமாக வருவதால், பிடிக்காமல் பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கும் மேல் பார்க்கலாம். மேஜிகார்ப்பின் முறை வரும் செவ்வாய் உங்களுக்கு ஒரு மாத நடைக்குச் சமம்.

மறுமொழி 3: பழைய கேம்பாய்க்காரர்

உங்கள் மகள் ஏன் சிவப்புக் கியாரடோஸைக் கேட்கிறாள் என்று எழுதவில்லை. ஆனால் அவள் கேட்டது ஷைனிகளின் மூல வடிவத்தையே என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1999-இல் ஜப்பானில் வெளிவந்த கோல்ட், சில்வர் என்ற இரு கேம்பாய் ஆட்டங்களில்தான் நிறம் மாறிய போக்கிமான்கள் முதன்முதலில் வந்தன. அவற்றில் எல்லா ஆட்டக்காரரும் தவறாமல் சந்திக்கும்படி வைக்கப்பட்டிருந்தது ஒன்றே ஒன்று: ஏரியின் நடுவே சீறிக்கொண்டிருக்கும் சிவப்புக் கியாரடோஸ். ஆட்டத்தின் வில்லன்களான ராக்கெட் கும்பல் வானொலி அலைகளைப் பரப்பி ஏரியில் இருந்த மேஜிகார்ப்களைப் பருவம் வரும் முன்பே வலுக்கட்டாயமாக வளரச் செய்தது என்பது கதை. அதனால்தான் அதன் உடலில் மேஜிகார்ப்பின் செந்நிறம் மாறாமல் நின்றுவிட்டது. எத்தனையோ ஷைனிகள் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஏன் இந்த நிறம் என்பதற்கு ஒரு காரணமும் ஒரு துயரமும் உள்ள ஷைனி எனக்குத் தெரிந்து இதுதான். அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

அந்த ஆட்டங்களில் வாய்ப்பு 8,192-க்கு 1. ஒவ்வொரு போக்கிமானுக்கும் மறைவாக உள்ள நான்கு திறன் எண்கள் குறிப்பிட்ட மதிப்புகளில் பொருந்தினால் மட்டுமே நிறம் மாறும். 2013-இல் வந்த ஆட்டங்களில் அது 4,096-க்கு 1 என்று இரட்டிப்பாயிற்று. பள்ளி விடுமுறை முழுவதும் புல்வெளியில் அலைந்தும் ஒன்றுகூடக் காணாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். 500-க்கு 1 என்பது எங்கள் கண்ணுக்குக் கருணையாகத் தெரிகிறது.

போக்கிமான் கோ ஆட்டத்திலும் முதல் ஷைனி இதே இணைதான். 2017 மார்ச் மாதம் நீர்த் திருவிழா நடந்தபோது, ஆட்டக்காரர்களின் வலையில் திடீரெனத் தங்க மேஜிகார்ப்கள் விழத் தொடங்கின. இந்தியாவுக்கு இந்த விளையாட்டு முறையாக வந்து அப்போது மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மறுமொழி 4: நிறம் பார்க்க நட்சத்திரம்

எனக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் பிறவியிலேயே குறை உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் ஷைனியை அடையாளம் காண்பது எப்படி என்பதை எழுதுகிறேன். குறை இல்லாதவர்களுக்கும் இது பயன்படும்.

தங்க மேஜிகார்ப்பை யாரும் தவற விட மாட்டார்கள். ஆனால் கெங்கர் என்ற போக்கிமானைப் போன்ற சிலவற்றில் இரு வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடு வெயிலில் திரையைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. போக்கிமானைத் திறந்த உடனே அதைச் சுற்றி நட்சத்திரங்கள் ஒருமுறை மின்னி மறையும். கூடவே மெல்லிய மணியோசை போன்ற ஒலி கேட்கும். எனவே ஒலியை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். அவசரமாகப் பார்த்துக்கொண்டே போகும்போது நட்சத்திரம் மின்னி முடியும் வரை ஒரு நொடி பொறுத்த பிறகே வெளியே வாருங்கள். நான் ஒருமுறை அந்த ஒரு நொடி பொறுக்காமல் வெளியே வந்து, மணியோசை காதில் நின்றதால் திரும்பத் தொட்டுத்தான் ஒரு ஷைனியைக் காப்பாற்றினேன். பிடித்த பின் ஐயம் வந்தால், சேமிப்புப் பட்டியலின் தேடல் கட்டத்தில் ஷைனி என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் அவை மட்டும் வரிசையாக வரும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காட்டில் தோன்றும் ஷைனி ஓடிப்போகலாம். ஐந்து நட்சத்திர ரெய்டில், அதாவது பலர் சேர்ந்து ஒரு வலிய போக்கிமானோடு மோதும் போட்டியில், வென்ற பின் வரும் ஷைனி, பந்து பட்டாலே மாட்டிக்கொள்ளும். ஆற்றங்கரை மேஜிகார்ப்புக்கு அந்த உறுதி கிடையாது. அது எளிதில் பிடிபடும் மீன்தான் என்றாலும், அன்று மட்டும் சிக்கனம் பார்க்காமல் நல்ல பழமும் உயர்ந்த பந்தும் பயன்படுத்தச் சொல்லுங்கள். சேமிப்பில் இடம் காலியாக இருக்கிறதா என்பதை நடை தொடங்கும் முன்பே பார்த்துவிடுவதும் நல்லது.

கணக்கு வாங்குவதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. வேண்டாம், ஐயா. கணக்கை விற்பதும் வாங்குவதும் விதிமீறல். விற்றவரே மறுநாள் கடவுச்சொல்லை மீட்டெடுத்து அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியும். இடத்தை மாற்றிக் காட்டும் செயலி பிடிபட்டால் முதல் முறை ஏழு நாள் அளவிலான எச்சரிக்கை, இரண்டாம் முறை ஒரு மாதத் தடை, மூன்றாம் முறை கணக்கே நிரந்தரமாக மூடப்படும். நான்கு மாதங்களாக நடந்து சேர்த்ததை ஒரு பிள்ளை அப்படி இழக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது, அவள் நோட்டில் போட்டிருக்கும் கோடுகள் ஒவ்வொன்றும் உண்மையானவை. அவற்றின் முடிவில் வாங்கிய மீன் ஒன்று வந்து நிற்பதை அவள் விரும்புவாளா என்று அவளையே கேளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: ஸ்ரீரங்கத்து அப்பா

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகள் முழுவதையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். 44 பேர் என்ற கணக்கைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. ஒரே மீனைத் திரும்பத் தொடுவதை அன்றே விட்டுவிட்டாள். பிடிக்காமல் பார்த்துச் செல்வதால் நேற்று ஒரே நடையில் ஒன்பது கோடுகள் விழுந்தன; இப்போது 421. ஏரிக் கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

ஒரு சிறு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. தங்க மீன் என் கைப்பேசியில் வந்துவிட்டால் அதை அவளுக்குக் கொடுக்க முடியுமா? நாங்கள் இருவரும் விளையாட்டுக்குள் நண்பர்களாகச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இருவரும் பத்தாம் நிலையைத் தாண்டிவிட்டோம்.

மறுமொழி 5: கணக்கு வாத்தியார்

கொடுக்கலாம். ஆனால் உடனே கொடுக்க வேண்டாம். ஷைனியைப் பரிமாறுவது சிறப்புப் பரிமாற்றம். ஒரு நாளைக்கு ஒன்றுதான் செய்யலாம், இருவரும் நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெறுகிறவரிடம் அந்த ஷைனி முன்பு இல்லையென்றால் செலவு மிகவும் அதிகம்: நட்பின் முதல் படியில் 10,00,000 ஸ்டார்டஸ்ட் (விளையாட்டில் சேர்த்துச் செலவிடும் தூள்), ஏழு நாள் நட்பில் 8,00,000, முப்பது நாளில் 80,000, தொண்ணூறு நாளில் 40,000. ஒரு சாதாரணப் போக்கிமானைப் பிடித்தால் 100 ஸ்டார்டஸ்ட்தான் வரும் என்பதை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தினமும் ஒருவருக்கொருவர் பரிசு அனுப்பி, மூன்று மாதங்கள் பொறுத்திருங்கள். பரிமாறிய போக்கிமானை மறுபடியும் பரிமாற முடியாது. மீனின் திறன் எண்களும் மாறிவிடும், நிறம் மட்டும் மாறாது. அவளுடையது குழந்தைக் கணக்காக இருந்தால் பெற்றோர் அமைப்பில் இதற்கு அனுமதி தந்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: ஸ்ரீரங்கத்து அப்பா

நன்றி, ஐயா. தொண்ணூறு நாள் கணக்கை அவளிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "உங்க மீன் உங்களுக்கே இருக்கட்டும்பா, எனக்கு என் போன்ல வரணும்" என்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் பரிசு அனுப்புவதைத் தொடங்கிவிட்டோம். இன்று நோட்டில் என் பெயரை எழுதி எனக்கென்று தனி வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறாள். என் வரிசையில் இதுவரை ஆறு கோடுகள்.